மழை விட்டு எத்தனை நாள் கழித்துச் சொட்டுகிறது?

மொட்டைமாடி ஒழுகுகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ‘சதுர அடிக்கு இவ்வளவு ஆகும் சார்’ என்று விலை சொல்கிற மேஸ்திரி ஒரு ரகம். ‘மழை பெய்யும்போதே சொட்டுதா, விட்டு ரெண்டு நாள் கழிச்சா? வெயில் காலத்துலயும் ஈரம் தெரியுதா?’ என்று கேட்கிறவர் இன்னொரு ரகம். இரண்டாமவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுக்கலாம். மழையோடு வந்து மழையோடு போகிற கசிவுக்குத் தளத்து விரிசலையோ மழைநீர்க் குழாயின் வாயையோ பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் காயாத ஈரம் என்றால் சந்தேகம் குளியலறை மீதும், சுவருக்குள் ஓடும் குழாய் மீதும்தான். அதற்கு மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்து என்ன பயன்?

கூரைக் காரை பெயர்ந்திருந்தால், சுற்றிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துத்தான் காரையைத் தள்ளுகிறது. கடலோர ஊர்களில் இது அதிகம். தட்டும்போது டொக்கென்று ஒலிக்கும் இடம் முழுவதையும் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்காமல், விழுந்த இடத்தில் மட்டும் சிமென்ட் அப்பினால் அது மறுபடியும் விழும். பேச்சுத் திறமையைவிட இந்தத் தட்டிப் பார்க்கும் கைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

அடுத்தது எஸ்டிமேட். பெயின்ட் வேலையில் சண்டை பெரும்பாலும் அளவில்தான் வருகிறது. 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி, மேல்தளம் 120, ஆக 560. டேப் பிடித்து நாமே போட்டுவிடக்கூடிய கணக்கு. சிலர் தரைப் பரப்பை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதற்கும் ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதியில் வழி இருக்கிறது: அரை சதுர மீட்டருக்குள் இருக்கும் திறப்பைக் கழிக்க வேண்டியதில்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்கலாம். 3க்கு 7 அடிக் கதவு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். அதன் மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது ஓரம்சாரங்களில் செய்யும் வேலைக்கு ஈடு. இதை முதலிலேயே பேசிக்கொண்டால் கடைசி நாள் கூச்சல் இல்லை.

இரண்டு கொட்டேஷன்களில் ஒன்று பாதி விலைதான் என்றால், அதில் என்ன இல்லை என்று தேடுங்கள். ‘பெயின்ட் அடிக்க’ என்று ஒரே வரி இருக்கும். மற்றதில் பழைய பூச்சைச் சுரண்டுவது, பட்டி இரண்டு கோட், ப்ரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு என்று பிரித்து, பிராண்டும் ரகமும் எழுதியிருக்கும். (பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கென்றே கம்பெனிகள் டோக்கன் வைப்பதுண்டு. குற்றமில்லை, ஆனால் ‘இந்த பிராண்டுதான் சார் நல்லது’ என்பதைக் கேட்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.)

‘நான் செஞ்ச வேலையைப் பாருங்க’ என்று போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். போன மாத வேலை எல்லாமே பளபளக்கும். இரண்டு ஐப்பசி மழையைப் பார்த்த வேலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம், கூப்பிட்டால் மேஸ்திரி போனை எடுக்கிறாரா என்றும் விசாரியுங்கள். இப்போது எத்தனை இடத்தில் வேலை ஓடுகிறது, நம் வீட்டில் தினமும் நிற்கப்போகிற கொத்தனார் யார் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பது நல்ல வழக்கம். அதற்கு முன் அந்தத் தவணை வேண்டாம்.

‘பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்’ என்பது இனிக்கும் பேச்சு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, அவரைச் சந்தேகிக்க வேண்டாம். பதிவு எண்ணையும் வைத்துக்கொண்டு பில்லையும் தவிர்க்கிறவர் வேறு. வேலையில் குறை வந்து புகார் கொடுப்பதென்றால், வெறும் பழுதுபார்க்கும் வேலை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வராது. நமக்கு வாய்த்தது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. கையெழுத்திட்ட ஒரு தாளும் வங்கி வழியாகப் பணம் போன தடயமும் அங்கே பேசும்.

மேஸ்திரிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. பாதி வேலையில் ‘இந்த ஷெல்ஃபையும் போட்டுடுங்களேன்’ என்பது, சமையலறை மேடையை இடித்து மாற்றச் சொல்லிவிட்டு எக்ஸ்ட்ராவா என்று முறைப்பது, கடைசித் தவணைக்குப் பத்து முறை நடக்கவைப்பது. நல்ல மேஸ்திரிகள் வீட்டுக்காரரைப் பற்றியும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.