பழவேற்காட்டு மீனவர் வாழ்வியல் காணொலிப் பதிவுகளும் திறமூல இயக்கிகளின் கோடெக் ஆதரவும்

ஆய்வுச் சுருக்கம்

கள ஆய்வில் பதிவுசெய்யப்படும் காணொலிகள் பிற்காலத்தில் பார்க்கத்தக்கனவாக இருப்பது, கோப்பைப் பாதுகாப்பதை மட்டும் சார்ந்ததன்று. அக்கோப்பின் குறிமுறையை விலக்கிக் காட்டவல்ல மென்பொருள் கிடைப்பதையும் சார்ந்தது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் ஊர்களின் தொழிலறிவைப் பதிவுசெய்யும் சூழலை முன்வைத்து, காணொலிக் கோடெக்குகள் செயல்படும் விதத்தையும், திறமூல இயக்கிகள் அவற்றுக்கு ஆதரவளிக்கும் முறையையும், இவற்றிலிருந்து தமிழ்க் கள ஆய்வாளர் கொள்ள வேண்டிய நடைமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பழவேற்காடு, பாடு முறை, காணொலி ஆவணம், கோடெக், திறமூல மென்பொருள், விஎல்சி, எஃப்எஃப்எம்பெக்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்த பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. இதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவரும் பாடு முறை மீன்வள ஆய்வாளர்களால் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் வலை கட்டும் உரிமையை உரியவர்களிடையே சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

பாடு முறையின் விதிகளை எழுத்தில் வடித்துவிடலாம். ஆனால் நீரோட்டத்தைக் கணித்து வலை கட்டும் கைப்பழக்கத்தையும், பேச்சோடு இணைந்து வரும் சைகையையும், இடத்தைச் சுட்டும் பார்வையையும் எழுத்து முழுமையாகத் தாங்காது. இவற்றுக்குக் காணொலியே தகுந்த ஊடகம். அவ்வாறு பதிவாகும் காணொலி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் திறக்குமா, பதிவைத் தந்த ஊராரின் கைப்பேசியில் அது இயங்குமா என்னும் வினாக்கள் தமிழ்க் கள ஆய்வு முறையியலில் போதிய கவனம் பெறவில்லை. இவ்விரு வினாக்களும் கோடெக் என்னும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

1. கொள்கலனும் கோடெக்கும்

கோப்பின் பெயருக்குப் பின்வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி முதலிய ஒட்டுகள் கொள்கலனை மட்டுமே குறிக்கின்றன. கொள்கலன் என்பது படத் தரவு, ஒலித் தரவு, துணையுரை, கால ஒழுங்கு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் உறை. உறையினுள் இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பதே கோடெக் பற்றிய செய்தி. சுருக்கும் பகுதியைக் குறியாக்கி என்றும் விரித்துக் காட்டும் பகுதியைக் குறிவிலக்கி என்றும் வழங்கலாம். ஒரே எம்பி4 உறைக்குள் எச்.264 முறையில் அமைந்த படமும் இருக்கலாம், எச்.265 முறையில் அமைந்த படமும் இருக்கலாம். ஆகவே ஒரு கணினியில் ஓர் எம்பி4 கோப்பு இயங்க, மற்றொன்று ஒலி மட்டும் தந்து படம் காட்டாமல் நிற்பது கோப்பின் பழுதாக இருக்க வேண்டியதில்லை. உரிய குறிவிலக்கி அக்கணினியில் இல்லாமலும் இருக்கலாம்.

சுருக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 1920×1080 படப்புள்ளிகளும், ஒரு புள்ளிக்கு 3 பைட்டுகளும், நொடிக்கு 25 சட்டகங்களும் கொண்ட காணொலி சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணி நேரத்திற்கு 560 ஜிகாபைட் ஆகும். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் எச்.264 முறையில் சுருக்கினால், அதே ஒரு மணி நேரப் படம் 3.6 ஜிகாபைட்டில் அடங்கும். இவ்வளவு குறைப்பும் இழப்பின்றி நிகழ்வதில்லை.

2. நீரலையும் வலைக்கண்ணும்

பெரும்பாலான கோடெக்குகள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுக்கின்றன. எச்.264 இல் அடிப்படைக் கட்டம் 16×16 புள்ளிகள், எச்.265 இல் 64×64 வரையிலும் ஏவி1 இல் 128×128 வரையிலும் கட்டங்கள் அமையலாம். ஒரு கட்டம் முந்தைய சட்டகத்தில் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்பதை மட்டும் குறித்து, மாறிய பகுதியை மட்டும் சேமிப்பதே சுருக்கத்தின் முதற்படி. எஞ்சும் வேறுபாட்டில், கண் எளிதில் உணராத நுண்விவரங்களின் துல்லியத்தைக் குறைப்பது அடுத்த படி.

ஏரியில் எடுக்கப்படும் காட்சி இவ்விரு படிகளுக்கும் கடினமானது. கரையில் நிற்கும் படகு அப்படியே நகர்ந்தால் அதன் கட்டங்களை முந்தைய சட்டகத்திலிருந்து பெயர்த்தெடுத்துவிடலாம். காற்றில் சிலிர்க்கும் நீர்ப்பரப்போ ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக அமைகிறது. பெயர்த்தெடுக்க எதுவும் கிடைப்பதில்லை. தரவு வேகம் வரையறுக்கப்பட்டிருக்கும்போது நீரலையே பெரும்பங்கு பிட்டுகளை விழுங்க, எஞ்சியதைக் கொண்டு ஏனைய விவரங்கள் எழுதப்படுகின்றன. அப்போது முதலில் மங்குவது வலைக்கண் போன்ற நுண்கோடுகளே. மேலும், பரவலாகப் பயன்படும் நிறச் சேமிப்பு முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிற மதிப்பே பதிவாகிறது. நீரின் ஒளிர்வும் நூலின் ஒளிர்வும் ஏறத்தாழ ஒத்து, நிறத்தால் மட்டும் வேறுபடும் வலை இதனால் நீரோடு கலந்துவிடும்.

வலையின் கண்ணளவு மீன்பிடித் தொழிலின் அடிப்படைச் செய்தி. எந்த அளவு மீன் தப்பும், எது சிக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பொழுதுபோக்குக் காணொலியில் பொருட்படுத்தத் தேவையில்லாத நுண்விவரம், கள ஆய்வாளருக்குத் தரவாகிறது.

3. பதிவுக் காலங்களும் கோடெக் அடுக்குகளும்

கடந்த இருபதாண்டுகளுக்கு மேலாகப் புழங்கிய கருவிகளை நோக்கினால், ஒரே ஊரைப் பற்றிய பதிவுகளும் பல கோடெக் அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கக்கூடும் என்பது புலனாகும். குறுவட்டுக் காலத்தின் விசிடி எம்பெக்-1 முறையில் 352×288 புள்ளிகளைக் கொண்டது. 2004 ஆழிப்பேரலைக் காலத்தில் பரவலாக இருந்த கையடக்க நிகழ்படக் கருவிகள் டிவி முறையில் நாடாவில் பதிந்தன. தொடக்ககாலக் கைப்பேசிகள் 3ஜிபி உறையில் எச்.263 முறையைப் பயன்படுத்தின. 2003 இல் வெளியான எச்.264 பின்னர் திறன்பேசிகளின் பொதுமொழியாயிற்று. 2013 இல் வெளியான எச்.265, 2017 முதல் ஐஃபோன்களின் பதிவுமுறைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 2018 இல் ஏவி1 வெளியானது.

இவற்றுள் 3ஜிபி பதிவுகள் தனிக்கவனம் வேண்டுவன. அவற்றில் பெரிதும் காணப்படும் 176×144 அளவில் ஒரு சட்டகம் முழுவதும் 99 கட்டங்களே. படகில் நிற்பவரின் கை ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றின் ஒலி பெரும்பாலும் ஏஎம்ஆர் முறையில் அமைந்தது; சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அது விட்டுவிடுகிறது. உரசொலிகளின் இயல்பை ஆராயும் மொழியியலாளருக்கு இது கடுமையான வரம்பு. எனினும் பேசியவர் மறைந்த பின்னர் அத்தகைய பதிவே எஞ்சிய ஒரே சான்றாக இருக்கவும் கூடும். அதனைத் திறக்க முடியாமற்போவது பதிவே இல்லாமற்போவதற்கு ஒப்பாகும்.

4. திறமூல இயக்கிகள் ஆதரவளிக்கும் முறை

விஎல்சி இயக்கி 1996 இல் பாரிசின் எக்கோல் சென்ட்ரல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. 2001 இல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் திறமூலமாக வெளியிடப்பட்டது. தற்போது வீடியோலேன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு அதனைப் பேணுகிறது. அதன் படவிலக்கத்தில் பெரும்பகுதி எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் லிப்ஏவிகோடெக் நூலகத்தைச் சார்ந்தது. அத்திட்டம் 2000 ஆம் ஆண்டில் ஃபேப்ரிஸ் பெல்லார்டால் தொடங்கப்பட்டது. எம்பிவி முதலிய பிற திறமூல இயக்கிகளும் இதே நூலகத்தையே பயன்படுத்துகின்றன.

இந்த அமைப்பினால் விளையும் பயன் வெளிப்படையானது. இயங்குதளத்தில் எந்தக் கோடெக் நிறுவப்பட்டுள்ளது என்பதை இயக்கி எதிர்பார்ப்பதில்லை. தேவையான குறிவிலக்கிகளைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. விண்டோஸ் 10 இல் எச்.265 நீட்சியை மைக்ரோசாஃப்ட் கடையில் தனியே விலைகொடுத்துப் பெறும் நிலை இருந்தது. விண்டோஸ் 8 முதல் டிவிடி இயக்கும் வசதியும் இயல்பாக வழங்கப்படவில்லை. இவ்விரண்டையும் விஎல்சி தானே நிறைவு செய்தது. வணிக நிறுவனம் சந்தைத் தேவை குறைந்த கோடெக்கைக் கைவிடலாம். மூலநிரல் பொதுவில் இருக்கும் குறிவிலக்கியையோ வேறொருவர் எடுத்துப் பேணலாம். புதிய கணினிக்கு ஏற்ப மீண்டும் தொகுக்கலாம்.

ஆயினும் மென்பொருள் வழி விலக்கத்திற்கு ஒரு விலை உண்டு. கைப்பேசியின் சில்லிலேயே எச்.265 அல்லது ஏவி1 விலக்கும் வன்பொருள் இருந்தால் மின்செலவு குறையும். அது இல்லாத மலிவு விலைக் கருவியில் முழுச்சுமையும் மையச் செயலகத்தின்மேல் விழ, படம் தடைப்படும். மின்கலம் விரைவில் தீரும். வீடியோலேன், எஃப்எஃப்எம்பெக் சமூகங்கள் 2018 இல் அறிவித்த டேவ்1டி என்னும் ஏவி1 குறிவிலக்கி, இச்சுமையைக் குறைக்க எழுதப்பட்டதே. இருப்பினும் ஊராரிடம் ஒப்படைக்கும் படியில் இவ்வரம்பு கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

5. காப்புரிமையும் 2022 தடையும்

எச்.264, எச்.265 ஆகியன வெளிப்படையான பன்னாட்டுத் தரநிலைகள். ஆயினும் காப்புரிமைகளுக்கு உட்பட்டவை. எச்.265 இன் காப்புரிமைகள் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமக் கூட்டமைப்புகளிடம் பிரிந்து கிடந்தமை அதன் பரவலைத் தாமதப்படுத்தியது. உரிமக் கட்டணமற்ற ஏவி1 தோன்ற அதுவும் ஒரு காரணம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பவற்றையும் படிமுறைகளையும் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஆனால் கருவியோடு இணைந்த தொழில்நுட்பம் வேறாகக் கருதப்படுகிறது. டிவிடி இயக்கிக் கருவிகள் தொடர்பாகப் பிலிப்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆகவே மூலநிரல் திறந்திருப்பதும் காப்புரிமைச் சுமை நீங்கியிருப்பதும் ஒன்றல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அணுக்கம் தடைபடுவதற்குக் காப்புரிமை மட்டுமே காரணமாவதில்லை. 2022 பிப்ரவரி முதல் வீடியோலேன் தளம் இந்தியாவில் தடுக்கப்பட்டிருந்தது. இணையச் சுதந்திர அறக்கட்டளையின் சட்ட உதவியுடன் வீடியோலேன் மத்திய அரசுத் துறைகளுக்கு அறிவிப்பு அனுப்பிய பின்னர், அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் கணினிகளில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த இயக்கி தொடர்ந்து இயங்கியது. லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியங்களிலும் அது கிடைத்துவந்தது. ஒரே வாயில் அடைபட்டபோதும் மென்பொருள் மறையாமல் நின்றதற்கு, யாரும் படியெடுத்து வழங்கலாம் என்னும் உரிமமே துணைநின்றது. அதேவேளையில், ஆவணக் காப்பகம் ஒரு தரவிறக்கத் தளத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

6. துணையுரையும் எழுத்துருவாக்கமும்

பழவேற்காடு தமிழும் தெலுங்கும் புழங்கும் வட்டாரம். மீனவர் வழக்கிலுள்ள தொழிற்சொற்கள் பிற பகுதித் தமிழர்க்கும் விளக்கம் வேண்டுவன. ஆகவே துணையுரை காணொலி ஆவணத்தின் இன்றியமையாத உறுப்பாகிறது. துணையுரையைப் படத்தின்மேல் நிலையாகப் பதித்துவிட்டால் பின்னர் திருத்த இயலாது. படத்தின் ஒரு பகுதியும் மறையும். யூனிகோடு குறியேற்றத்தில் தனிக்கோப்பாக வைத்தால் திருத்தவும், இரு மொழிகளில் வழங்கவும், சொற்களைத் தேடவும் இயலும். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் உயிர்க்குறிகள் மெய்யின் இருபுறமும் அமைவதால், இயக்கி வெறும் எழுத்துருவை வரைந்தால் போதாது. குறிகளை முறைப்படி அடுக்கவும் வேண்டும். திறமூல இயக்கிகள் இப்பணிக்கு ஹார்ஃபஸ் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன.

7. கள ஆய்வாளருக்கான நடைமுறைகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் நடைமுறைகள் பெறப்படுகின்றன.

அ. கருவியிலிருந்து வந்த மூலக்கோப்பை மாற்றமின்றிப் பேண வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் காணொலியாக அனுப்பப்பட்ட படி மீண்டும் சுருக்கப்பட்டது. அதனை மூலமாகக் கொள்ளலாகாது.

ஆ. நாள், இடம், பேசுபவரின் இசைவு ஆகியவற்றுடன் கொள்கலன், பட மற்றும் ஒலிக் கோடெக், பட அளவு, தரவு வேகம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்னும் திறமூலக் கருவி இவற்றை நொடியில் காட்டும்.

இ. ஒப்புமை நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது, இழப்பற்ற எஃப்எஃப்வி1 கோடெக்கை மெட்ரோஸ்கா உறையில் பயன்படுத்தலாம். எஃப்எஃப்வி1 2021 இலும் மெட்ரோஸ்கா 2024 இலும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணங்களாக வெளியாயின. ஏற்கெனவே இழப்புடன் சுருக்கப்பட்ட 3ஜிபி கோப்பை இம்முறைக்கு மாற்றுவதால் இழந்த விவரம் மீளாது. கோப்பின் அளவே பெருகும்.

ஈ. ஊராருக்குத் தரும் படி எச்.264 முறையில் எம்பி4 உறையில் அமைதல் நலம். பழைய கைப்பேசிகளிலும் பெரும்பாலும் அது இயங்கும்.

உ. காப்பகத்தில் காணொலியுடன் அதனை இயக்கவல்ல மென்பொருளின் நிறுவற்கோப்பும் மூலநிரலும் ஒருங்கே வைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

ஓலைச்சுவடியைப் பேணியவர்கள் ஏட்டை மட்டும் காக்கவில்லை. அதன் எழுத்தைப் படிக்கும் பயிற்சியையும் தலைமுறைதோறும் கையளித்தனர். காணொலிக் கோப்புக்குக் குறிவிலக்கி அத்தகைய படிப்பறிவாகும். அவ்வறிவு மூலநிரலாகப் பொதுவில் நிலைபெறுவதே திறமூல இயக்கிகளால் ஆய்வுலகம் பெறும் முதன்மைப் பயன். பாடு முறையில் உரிமை ஒருவரிடமே தங்கிவிடாமல் முறைப்படி சுற்றிவருகிறது. அம்முறையைப் பற்றிய பதிவுகளும் ஒரு நிறுவனத்தின் உரிமத்திலோ ஓர் ஆய்வாளரின் கணினியிலோ தங்கிவிடாமல், கோட்டைக்குப்பத்து இளைஞர் தம் கைப்பேசியில் திறந்து, தம் பாட்டனார் வலை கட்டும் முறையைக் காணத்தக்க வகையில் அமைய வேண்டும். பதிவுக் கருவியை இயக்கும் முன்பே எந்தக் கோடெக்கில் பதிவது, எந்தக் கோடெக்கில் திருப்பித் தருவது என முடிவுசெய்வது கள ஆய்வு முறையியலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.