நகரமே நடத்தும் இணையச் சேவை

குடிநீர்க் குழாயும் மின்சாரக் கம்பியும் பல நகரங்களில் நகரசபையின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றன. இணைய இணைப்பும் அவ்வரிசையில் வைக்கத்தக்கதுதானா? இவ்வினா அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போர்ட் கொலின்ஸ் நகர மக்கள் முன் எழுந்தது. அவர்கள் அதற்கு விடை கண்ட முறை ஆராயத்தக்கது.

ஒளியிழை என்பது தலைமயிர் போன்று நுண்ணிய கண்ணாடி நூல். செய்தி அதனூடே ஒளித் துடிப்புகளாக விரைகிறது. நூலின் விலை பெரிதன்று. வீதிதோறும் நிலத்தைத் தோண்டி, வீட்டுக்கு வீடு அதனைக் கொண்டு செல்லும் செலவே பெரிது. ஆதலால், ஒரு கம்பெனி வேரூன்றிய வீதியில் மற்றொன்று முதலிடத் தயங்கும். போட்டி குன்றியவிடத்துக் கட்டணத்தையும் வேகத்தையும் நிர்ணயிப்பவர் கம்பெனியாரே.

நகரசபை இத்தொழிலில் இறங்குமாயின் அந்த அதிகாரம் மக்கள் கைக்கு வரும். ஆனால், நட்டம் நேரின் அதுவும் அவர்கள் தலையிலேயே விழும். யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரம் இதற்குச் சான்று. ஏறத்தாழ 4 கோடி டொலர் கடன்பட்டு அந்நகரம் அமைத்த வலையமைப்பு, எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 2013 இல் அது ஒரேயொரு டொலருக்குக் கூகிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. வலையமைப்புப் போயிற்று, கடன் மட்டும் மக்களிடமே தங்கிற்று.

போர்ட் கொலின்ஸ் படிப்படியாகவே நடந்தது. மக்களின் வாக்கைப் பெறாமல் நகரங்கள் இத்தகைய சேவையைத் தொடங்கலாகாது என 2005 இல் கொலராடோ சட்டம் இயற்றியிருந்தது. 2015 இல் நடந்த வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற்பட்டோர் நகரசபைக்கு அவ்வுரிமையை மீட்டுக் கொடுத்தனர். எனினும், 15 கோடி டொலர் வரை கடன் பெறுவதற்கு வழிவகுக்கும் திருத்தம் 2017 இல் வந்தபோது, ஆதரவு நூற்றுக்கு 57 அளவிலேயே நின்றது. எதிர்ப்பாளரும் பெரும்பொருள் செலவிட்டுப் பிரசாரம் செய்திருந்தனர்.

நகரத்துக்குச் சொந்தமான மின்சாரசபை ஏற்கனவே இருந்தமை பெருந்துணையாயிற்று. 2019 இல் முதல் இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆயினும், நகர் முழுவதும் இழை பதிக்கும் வேலை, குறித்த காலத்தைக் கடந்து நீண்டது.

2023 இல் அம்மாநிலச் சட்டம் நீக்கப்பட்டது. கொலராடோ நகரங்களுக்கு இன்று வாக்கெடுப்புக் கட்டாயமில்லை. ஆனால், வாக்கெடுப்பு எழுப்பிய வினா நீங்கிவிடவில்லை. கடனைத் தீர்க்கப் போதிய வீடுகள் சந்தாதாரராகச் சேருமா என்பதனைக் கணக்கிட்டுத் தெளிந்த பின்னரே எந்த நகரமும் மண்வெட்டியைக் கையிலெடுத்தல் வேண்டும்.