அருவி பொதுவானது, வருமானம்?

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் எல்லோர் கண்ணும் திரிகூட மலைமேல்தான். சாரல் விழுந்ததா, பேரருவியில் தண்ணீர் கூடியதா என்பதே பேச்சு. வெளியூரிலிருந்து வந்து குளிப்பவர்களுக்கு இது இரண்டு நாள் இன்பம். இங்கேயே குடியிருக்கும் நம் மக்களுக்கோ ஓராண்டுப் பிழைப்பு. சுற்றுலா ஊரில் வாழ்வதன் வரவு செலவை நாம் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் வரவு. 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் குற்றாலம் வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோருக்கு அருவியில் குளிக்க உரிமையில்லை என்று அறிந்து, தாமும் குளிக்க மறுத்தார். 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் மாகாணம் முழுவதும் கோயில் கதவுகளைத் திறந்தது. இன்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று நனைகிறோம். அதே ஊரில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரியில் நம் பெண் பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், ஆட்சியரிடம் மனு கொடுக்கத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. சீசனில் ஆட்டோ, லாட்ஜ், சமையல், பழக்கடை என்று ஏதோ ஒரு வேலை கிடைக்கிறது.

இனி செலவு. சீசன் மூன்று மாதம். வயிறோ பன்னிரண்டு மாதம். கடைகள் ஏலத்தில் போகின்றன. முன்பணம் கட்டியவர் முதலாளி. கட்ட முடியாதவர் அவரிடம் கூலி. நிலத்தின் விலை ஏறியது நிலம் உள்ளவருக்கு லாபம். மனைப் பட்டாவுக்கு மனு எழுதிக் காத்திருப்பவருக்கு நட்டம்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவது சரியே, உயிர்தான் பெரிது. ஆனால் தடை போட்ட நாளில் கூடையில் மங்குஸ்தான் விற்கும் பெண்ணின் வீட்டில் உலை கொதிப்பதில்லை. அந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதுமில்லை.

கூட்டம் போன பிறகு கிடப்பவை ஷாம்பு பாக்கெட், ஈரத்துணி, குழந்தைகளின் டயப்பர், உடைந்த மது பாட்டில். அவற்றை அள்ளும் கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை. கூட்டம் பல மடங்கு பெருகும்போது துடைப்பம் பிடிக்கும் ஆட்கள் அதே அளவில் பெருகுவதில்லை. குளித்துப் போகிறவருக்கு அருவி சுத்தமாகத் தெரிகிறது. சுத்தம் செய்தவர் மட்டும் கண்ணில் படுவதில்லை.

அப்படியென்றால் ஊரைவிட்டுப் போய்விடலாமா? திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கேயும் கூலிதான், வாடகை வேறு. போக வேண்டியவர் போகட்டும். இருப்பவர்கள் உரிமையோடு இருக்க வழி உண்டு.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை வியாபாரிகளை அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தர வேண்டும். இந்தச் சட்டத்தைப் படித்து, கூடை சுமக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் எடுத்துச் சொல்வது கல்லூரிப் பிள்ளைகளின் வேலை.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் வரும் கூட்டம் அது. கூடுதல் தூய்மைப் பணியாளர், கையுறை, காலணி, சீசன் கால மிகைப்படி, மனைப் பட்டா ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுவோம். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.