உங்களுக்குத் தெரியுமா? இரவுக்கு எத்தனை உறவுகள்!

● ஸ்பானிய மொழியில் இரவுக்கு ‘நோச்சே’ என்று பெயர். இதன் தாய் லத்தீன் மொழியின் ‘நொக்தெம்’. லத்தீன் ‘க்த்’ ஒலி ஸ்பானியத்தில் ‘ச்ச்’ ஆகிவிடும். எட்டைக் குறிக்கும் ‘ஒக்தோ’வும் இப்படித்தான் ‘ஓச்சோ’ ஆனது. போர்த்துக்கேயத்தில் இரவு ‘நொய்த்தே’.

● சமஸ்கிருத ‘நக்தம்’ இதே குடும்பத்துச் சொல். பகல் முழுதும் உண்ணாதிருந்து இரவில் மட்டும் உண்ணும் ‘நக்த விரத’த்தில் அது இன்றும் வாழ்கிறது.

● இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நாம் சொல்லும் ‘ராத்திரி’ சமஸ்கிருத ‘ராத்ரி’யிலிருந்து வந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்கள் ‘சுப ராத்திரியக்’ என்று விடைபெறும்போது ஒலிப்பதும் அதே சொல்தான். ‘இரவு’ மட்டும் ‘இருள்’ என்பதோடு உறவுடைய நம் சொந்தச் சொல்.

● ‘புவெனாஸ் நோச்சேஸ்’ என்பதில் ‘இரவுகள்’ என்று பன்மை வரும். தூங்கப் போகும்போது மட்டுமல்ல, இருட்டிய பின் ஒருவரைச் சந்திக்கும்போதும் ஸ்பானியர் இதைச் சொல்லியே வணங்குவர்.

● டிசம்பர் 24 இரவுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் ‘நோச்செபுவேனா’; ‘நல்லிரவு’ என்று பொருள். அன்று நள்ளிரவு நத்தார்ப் பூசைக்குத் தோட்டத்துக் கத்தோலிக்கரும் கூடுவர். நாம் சொல்லும் ‘நத்தார்’ இரவிலிருந்து வந்த சொல் அல்ல. பிறப்பைக் குறிக்கும் போர்த்துக்கேய ‘நத்தால்’தான் அதன் மூலம். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று.