எண்ணெய் விற்பனையும் கப்பற் தாமதக் கட்டணமும்

2022ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றிய இலங்கைப் பிரதமர், மசகெண்ணெயும் உலையெண்ணெயும் ஏற்றிய மூன்று கப்பல்கள் நாற்பது நாட்களுக்கு மேலாக எமது கடற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்பதாகத் தெரிவித்தார். இரு நாட்களின் பின்னர், பெற்றோல் ஏற்றிய கப்பலொன்று மார்ச் 28 முதல் காத்திருப்பதாகவும் அதற்குச் செலுத்த டொலர் இல்லையெனவும் எரிசக்தி அமைச்சர் பாராளுமன்றத்திற் கூறினார். எரிபொருள் நிலையங்களின் முன் நீண்டு கிடந்த வரிசைகளை நாம் யாவரும் கண்டோம். கடலில் நிற்கும் கப்பலுக்கும் நாட்கணக்கில் ஏறிச்செல்லும் ஒரு விலை உண்டு. அதனை வணிகர் 'டெமறேஜ்' என்பர். நாம் இங்கு தாமதக் கட்டணம் என வழங்குவோம். அதனை யார், யாரிடமிருந்து, எந்த உரிமையின் பேரில் அறவிடலாம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

வாங்குவோனின் துறைமுகத்திற் கொண்டுவந்து தரும்படி எண்ணெய் விற்கப்படும்போது, பெரும்பாலும் இரண்டு ஒப்பந்தங்கள் அருகருகே இயங்குகின்றன. ஒன்று கப்பலுடைமையாளனுக்கும் விற்பவனுக்கும் இடையிலான வாடகை ஒப்பந்தம். மற்றையது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலான விற்பனை ஒப்பந்தம். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் சேர்த்து 72 மணித்தியாலம் அனுமதி நேரமாக வழங்குவது எண்ணெய்க் கப்பல்களிடையே பெருவழக்கு. கப்பல் வந்து ஆயத்த அறிவித்தலைக் கொடுத்து ஆறு மணித்தியாலம் கழிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அனுமதி நேரம் முடிந்தபின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகை செலுத்தப்படல் வேண்டும். ஒருமுறை தாமதத்தில் வீழ்ந்த கப்பல் எப்போதும் தாமதத்திலேயே உள்ளது என்பது இத்துறையின் பழைய நெறி. அனுமதி நேரத்தை நிறுத்திவைக்கும் விதிவிலக்குகள், தெளிவான சொற்களால் நீட்டப்பட்டாலொழிய, அதன்பின் உதவமாட்டா. நாளொன்றுக்கு 25,000 டொலர் வீதமெனக் கொள்வோம். அனுமதி நேரம் தீர்ந்தபின் 37 நாட்கள் நின்ற கப்பலுக்குரிய கட்டணம் 9,25,000 டொலர். காசில்லாமையாற் காத்திருந்த நாட்டின் மீது, காசில்லாமைக்காகவே மேலும் ஒரு கடன்!

எமது நாட்டில் இவ்விடயத்தை ஆள்வது எச்சட்டம்? 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், கப்பல்கள், கூலி, தாமதக் கட்டணம், காப்புறுதி முதலிய கடல்சார் விடயங்களில் இங்கிலாந்தில் நிலவும் சட்டமே இங்கும் செல்லும் என விதித்தது. 'டெமறேஜ்' என்ற சொல்லே அவ்வாசகத்தில் உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. ஆகவே இலண்டன் நீதிமன்றத் தீர்ப்புகள் எமக்குப் புறம்பானவையல்ல.

அத்தீர்ப்புகளிடையே தலையாய வினா ஒன்றுண்டு. விற்பனை ஒப்பந்தத்திலுள்ள தாமதக் கட்டண வாசகம், விற்பவன் கப்பலுடைமையாளனுக்கு உண்மையிற் செலுத்தியதை ஈடுசெய்யும் வாக்குறுதியா? அன்றி, வாடகை ஒப்பந்தத்தோடு தொடர்பற்றுத் தனித்து நிற்கும் வாக்குறுதியா? 1921இல் சுசுக்கி கம்பனி தொடர்பான வழக்கில் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது கருத்தையே ஏற்றது. விற்பனை ஒப்பந்தத்தில் நேரமும் வீதமும் தாமாகவே வரையறுக்கப்பட்டிருப்பின் அக்கணக்கே கணக்கு. இதன் விளைவு சிறிதன்று. விற்பவன் 20,000 டொலர் வீதத்திற் கப்பலை அமர்த்தி 25,000 வீதத்தில் விற்பனை வாசகம் எழுதியிருந்தால், ஒவ்வொரு தாமத நாளும் அவனுக்கு 5,000 டொலர் இலாபம். கப்பல் அவனது சொந்தக் கப்பலாயின், எவருக்கும் எதுவுஞ் செலுத்தாமலே முழுத் தொகையையும் கோரலாம். ஒரே சரக்கு கடலிற் செல்லும்போதே பல கைமாறும் வணிகத்தில் இந்நெறி கணக்கை எளிதாக்குகிறது என்பது உண்மை. ஆயினும், நட்டமடையாதவன் நட்டஈடு பெறுவதை நீதியென ஏற்பதற்கு எமக்குத் தயக்கமுண்டு.

'வாடகை ஒப்பந்தத்தின்படி' என்ற இரு சொற்கள் சேர்க்கப்பட்டாற் சிக்கல் தீர்ந்துவிடும் எனச் சிலர் எண்ணுவர். வழக்குகள் பெருகுவது அங்கேதான். வீதம் மட்டுமா உள்வாங்கப்படுகிறது, விலக்குகளுமா? 1977ஆம் ஆண்டின் அஸ்பாற்றாங்வோய் படிவத்தை எடுத்துக்கொள்வோம். புயல், வேலைநிறுத்தம், இறக்குமிடத்து இயந்திரப் பழுது போன்றவற்றால் நேருந் தாமதத்திற்கு அது பாதிக் கட்டணமே விதிக்கிறது. கடலில் மிதவையோடு பிணைத்து எண்ணெய் இறக்கும் இடத்தில், தென்மேற்குப் பருவக்காற்று புயலாகச் சீறும் நாட்களில் இச்சலுகையின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். விற்பனை ஒப்பந்தம் அதனை உள்வாங்காவிடின், விற்பவன் கப்பலுடைமையாளனுக்குப் பாதி கொடுத்து வாங்குபவனிடம் முழுவதையும் கேட்பான்.

காலவெல்லையும் அவ்வாறே. வாடகை ஒப்பந்தங்கள் பல, ஆவணங்களுடன் கூடிய கோரிக்கை 90 நாட்களுக்குள் வரவேண்டும், தவறின் உரிமை அற்றுவிடும் என்கின்றன. 1995இல் ஓகே பெற்றோலியம், விற்றோல் ஆகிய கம்பனிகளிடையே நடந்த வழக்கில் அத்தகைய காலவெல்லை வாசகம் விற்பனை ஒப்பந்தத்தினுள் வந்துவிட்டதாக வாதிக்கப்பட்டது. நீதிபதி கோல்மன் அதனை ஏற்கவில்லை. பொதுவான இணைப்புச் சொற்கள் தாமதக் கட்டணத்தின் அளவை நிர்ணயிக்கும் விதிகளைக் கொண்டுவரலாம். உரிமையையே அழிக்கும் துணைவிதியைக் கொண்டுவரப் போதா என்பதே அதன் சாரம். விற்பவனுக்கும் இங்கே ஒரு பொறியுண்டு. இரு ஒப்பந்தங்களிலும் எல்லைகள் வேறுபட்டு விற்பனைக்குரியது குறுகியிருப்பின், கப்பலுடைமையாளனின் பட்டியல் கைக்கு வருமுன்னரே அவனது சொந்தக் கோரிக்கை காலாவதியாகிவிடலாம்.

வாங்குபவனே கப்பலமர்த்தும் விற்பனையிற் காட்சி தலைகீழாகும். ஏற்றுதுறையிற் காத்திருந்த நாட்களுக்கு வாங்குபவன் விற்பவனைக் கேட்பான். வாதங்கள் அவையே.

அந்நியச் செலாவணி இன்மை ஒரு பாதுகாப்பாகுமா? ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில், பணம் கிடைக்காமை மட்டும் கடப்பாட்டினின்று விடுவிப்பதில்லை. தடுக்கமுடியாத நிகழ்வுகள் பற்றிய வாசகங்களும் பணஞ் செலுத்தும் கடமையைப் பெரும்பாலும் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. ஆகவே வாங்குபவன் பேரம்பேசவல்ல வேளை கேள்விப்பத்திரம் வரையும் வேளையே. உண்மையிற் செலுத்தியதற்கு மேற்படாமை, செலுத்தியதற்கான சான்று, பாதிக்கட்டணச் சலுகை, குறுகிய காலவெல்லை ஆகிய நான்கையும் அங்கே வெளிப்படையாக எழுதிவைக்கலாம். விற்பவன் அவற்றுக்கு ஒரு விலை கேட்பான். பீப்பாயொன்றுக்குச் சில சதங்கள் கூடக்கூடும். நாணயக் கடிதம் திறக்க முடியுமோ என்ற ஐயத்துடன் கொள்வனவு செய்யும் அரச கூட்டுத்தாபனமொன்று அச்சதங்களை, நாற்பது நாட் கட்டணத்தோடு ஒப்பிட்டே எடைபோடுதல் வேண்டும்.