எழுத்து படத்தோடு எங்கே சேர்கிறது?

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடச் செயல்விளக்கம் ஒன்றை நடத்தினார். மவுஸ் அறிமுகமான நிகழ்ச்சி என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பூட்டுவது திரையில் தெரிந்த இன்னொன்று. ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த பில் பாக்ஸ்டனின் முகம் நேரலையில் தெரிந்தது. அதே திரையில், இருவரும் சேர்ந்து கையாளும் எழுத்துகளும் இருந்தன.

நகரும் படத்தைக் கையாளும் சக்தி அன்றைய கணினிக்குக் கிடையாது. பிறகு எப்படி நடந்தது? கணினி, எழுத்துகளை 5 அங்குலப் படக்குழாய் ஒன்றில் வரைந்தது. அந்தக் குழாயின் முன்னால் ஒரு டிவி கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள். மேசையிலிருந்த மானிட்டருக்கு வந்தது அந்தக் கேமராவின் 875 வரி சிக்னல்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட வேலை என்று தோன்றலாம். ஆனால் அதனால்தான் எழுத்தும் முகமும் ஒரே வகை மின்சிக்னல் ஆயின. இரண்டையும் கலக்க டிவி நிலையத்து மிக்சர் போதுமானதாக இருந்தது. கறுப்புப் பின்னணியில் ஒளிரும் எழுத்தை வெள்ளையில் கறுப்பாக மாற்றவும் சிக்னலைத் தலைகீழாக்கினால் போதும். பாக்ஸ்டனின் முகம் அந்தக் கணினிக்குள் நுழையவே இல்லை.

1990களில் வீடியோ கணினிக்குள் வந்தது. 640×480 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், நொடிக்கு 30 சட்டகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மெகாபைட். அத்தனையையும் பிராசசரே திரையில் வரைவது பெரும் சுமை. ஆகவே வீடியோ கார்டுகள் வேறு வழி பிடித்தன. வீடியோ வரவேண்டிய சன்னலை மென்பொருள் ஒரே நிறத்தால், உதாரணமாக மெஜந்தாவால், நிரப்பிவிடும். மானிட்டருக்குப் போகும் கடைசிக் கணத்தில், அந்த நிறமுள்ள புள்ளிகளுக்குப் பதிலாக வீடியோவை வைக்கும் கார்டு. மேலே வெள்ளையில் எழுதினால் எழுத்து அப்படியே நிற்கும். டிவி ட்யூனர் கார்டு வைத்துக் கணினியில் கிரிக்கெட் பார்த்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபோது வெறும் வண்ணக் கட்டம் மட்டும் கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு குறை இருந்தது. எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கினால், வெள்ளையும் மெஜந்தாவும் கலந்த புள்ளிகள் உருவாகும். அவை சரியான மெஜந்தா அல்ல என்பதால் கார்டு அவற்றைத் தொடாது. எழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை படியும். தீர்வு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு மறைக்கிறது என்பதையும் எண்ணாகவே சேமிப்பது. ஆல்ஃபா எனப்படும் அந்த எண்ணைக் கொண்டு படங்களை அடுக்கும் கணக்கை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். 1920×1080 திரையில், நொடிக்கு 60 முறை, 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு இந்தக் கணக்கை இன்றைய கிராபிக்ஸ் சிப் அலட்டிக்கொள்ளாமல் போடுகிறது.

எழுத்தைப் படத்தோடு எவ்வளவு தாமதமாகச் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கண்காணிப்பு கேமராவின் பதிவில் தேதியும் நேரமும் பிசிறடித்துத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வீடியோவைச் சுருக்கும்போது கூர்மையான ஓரங்கள்தான் முதலில் அடிவாங்கும். நிறத் தகவலையும் வழக்கமாக நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்றே வைக்கிறார்கள். சிவப்பு எழுத்து கரைந்து தெரிய அதுவே போதும். சுருக்கத்தை அவிழ்த்தபின், பார்ப்பவரின் கணினியிலேயே எழுத்தை மேலே வைத்தால் ஓரம் கத்திபோல் இருக்கும். எழுத்தின் அளவை மாற்றலாம், வேறு மொழிக்கு மாற்றலாம், வேண்டாமென்றால் நீக்கவும் செய்யலாம்.

ஆனால் தனித்தனியாக வரும் இரண்டும் ஒரே கணத்தில் திரைக்கு வந்தாக வேண்டும். எழுத்து சில பைட்டுகள்தான், விரைந்து வந்துவிடும். வீடியோ சுருங்கி, பயணப்பட்டு, விரிய நேரம் எடுக்கும். கவனிக்காவிட்டால் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குமுன்பே விக்கெட் விழுந்த செய்தி திரையில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு நேர முத்திரை உண்டு. எழுத்துக்கும் அதே கடிகாரத்தில் முத்திரை குத்தி, அதற்குரிய சட்டகம் வரும்வரை அதைக் காக்கவைக்கிறது மென்பொருள்.