தொழிலாளியின் இலையில் குறைவது யாது?

வேலூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சென்று ஆம்பூரைக் கடப்பவர்களுக்குத் தோலின் நெடியும் பிரியாணியின் மணமும் ஒருங்கே வந்து சேரும். முன்னது அவ்வூராருக்குச் சோறு போடுவது. பின்னது அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இருதய வியாதியைப் பற்றி இப்பிரதேசத்தில் யார் பேச்செடுத்தாலும், குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவது இந்தப் பிரியாணியே. இஃது அவசரத் தீர்ப்பு என்பது நமது அபிப்பிராயம்.

வியாதி பெருகியிருப்பதை நாம் மறுக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், வேலூர் நகரத்திலும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் 1991 முதல் 1994 வரை ஒரு முறையும், 2010 முதல் 2012 வரை மறுமுறையும் ஜனங்களைப் பரிசோதித்தனர். இடைப்பட்ட காலத்தில் கிராமங்களிலே நீரிழிவும் அதிகப் பருமனும் இரு மடங்குக்கும் மேலாகிவிட்டன. சீமான்களின் வியாதி என்று நாம் பரிகசித்து வந்தது குடிசைக்குள் நுழைந்துவிட்டது.

கொலஸ்டிரால் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விஷத்தைக் கேட்டதுபோல் அஞ்ச வேண்டுவதில்லை. அது தேகத்திற்கு அவசியமான ஒரு பொருள். அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது. அளவு மீறி இரத்தத்தில் தங்குமாயின், நாளடைவில் இரத்தக் குழாய்களின் சுவரிலே படிந்து வழியை அடைக்கும். இதனை இறக்குவதற்கு இயற்கை வைத்திருக்கும் உபாயம் விந்தையானது. கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டே பித்தநீரைச் செய்கிறது. குடலில் தன் வேலையை முடித்த பித்தநீர் வீணாவதில்லை; பெரும்பாலும் கல்லீரலுக்கே திரும்பிவிடும். பருப்பு, பயறு, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா முதலியவற்றில் உள்ள, நீரில் கரையும் நார்ச்சத்தோ குடலிலே கூழாகி, அப்பித்தநீரில் ஒரு பங்கைப் பிடித்து வெளியேற்றுகிறது. குறைந்ததை ஈடு செய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. வெண்டைக்காய் நறுக்குபவர் விரலில் ஒட்டும் கொழகொழப்பே அந்த நாரின் அடையாளம்.

இனி இலையைப் பார்ப்போம். விடியுமுன் பஸ் ஏறி ஜோடுத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணின் சோற்றுப் பாத்திரத்தில் இருப்பது என்ன? நான்கு பங்கு வெள்ளைச் சோறு, நீர்த்த குழம்பு, பேருக்கு ஒரு கரண்டிப் பொரியல். மாலையில் தேநீரும், பாமாயிலில் பொரித்த பஜ்ஜியும். அந்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, கொலஸ்டிராலை உயர்த்தும் வகைக் கொழுப்பு. பிரியாணி வாரத்திற்கொரு முறை வரும் விருந்தாளி. இவையோ நாள்தோறும் வருபவை.

தேசிய போஷாக்கு நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம், கேழ்வரகில் 11, முழுக் கொண்டைக்கடலையில் 25. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் கூறியது. களியும் கீரையும் உண்டு வளர்ந்த வடஆற்காட்டில் இக்குறைவு நேர்ந்திருப்பது நகைப்பிற்கிடமானது. தீட்டிய அரிசி வேண்டாமென்று காந்தியடிகள் 1934-லிருந்து கிராமக் கைத்தொழில் இயக்கத்தின் மூலம் மன்றாடினார். நாம் கேட்டுவிட்டு, வெள்ளையரிசியையே வாங்கினோம்.

பிரியாணியின் பக்கத்தில் தால்சாவும் கத்தரிக்காயும் வைத்தவர்கள் புத்திசாலிகள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உண்பவர் இலையில் ஒதுக்கி எழுந்து போவது பெரும்பாலும் அந்தத் தொடுகறியைத்தான்! சோற்றைப் பாதியாக்கித் தால்சாவை இரட்டிப்பாக்கினால், விலையுயர்ந்த சீமை ஓட்ஸ் டப்பாவைத் தேடவேண்டியிராது.

ஒன்றை மறைக்கலாகாது. நாரினால் மட்டும் இறங்கும் அளவு சொற்பமே. நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற கணக்கில்தான். பரம்பரையாகவே கொலஸ்டிரால் மிகுந்தவர்களும், ஒரு முறை மாரடைப்புக் கண்டவர்களும் வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சுண்டலை நம்புவது பெரும் தவறு. நாரைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நீரும் தாராளமாக அருந்த வேண்டும். நீர் அருந்தச் சொல்லுகிறவர், வேலை நேரத்தில் ஒரு பெண் கழிப்பிடம் சென்றுவர மேற்பார்வையாளர் முகங்கோணாமல் விடுவாரா என்பதையும் யோசிக்கக் கடவர்.

ஆகவே இது சமையலறை விஷயம் மட்டுமன்று. 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் உணவுச்சாலை வேண்டுமென்று விதிக்கச் சர்க்காருக்கு 1948-ம் வருஷத்துச் சட்டமே அதிகாரம் அளித்தது. உணவுச்சாலை இருக்கிறதா என்று பார்ப்பவர் உண்டு. அங்கே பருப்பு எவ்வளவு என்று கேட்பவர் யார்? கூலியையும் போனஸையும் கோரும் சங்கத்தார், மாலைத் தேநீருடன் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் வேண்டுமென்பதையும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை.